திண்டுக்கல்: படைக்குத் திறந்த வாசல், மழைக்கு மூடிய கதவு

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் அமைந்திருக்கிறது. மேற்கே பழநி மலைத்தொடர். தென்கிழக்கே சிறுமலை. வடகிழக்கே கரந்தமலை. வடக்கே மட்டும் வேடசந்தூர் வழியாகக் கரூர் வரை நிலம் தடையில்லாமல் திறந்து கிடக்கிறது. நடுவில், எந்த மலையோடும் சேராமல், சமவெளியில் யாரோ போட்டுவிட்டுப் போன திண்டுபோல் ஒற்றை மொட்டைப் பாறை நிற்கிறது. திண்டு போன்ற கல் என்பதால் ஊருக்குத் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வது வழக்கம்.

இந்த இடைவெளிதான் ஊரின் வரலாற்றுக்கும் வானிலைக்கும் ஒரே காரணம். மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்கோ, மைசூருக்கோ போக வேண்டிய படை பழநி மலையையும் சிறுமலையையும் தாண்டிப் போக முடியாது. இடையில் உள்ள இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதனால் பாறையின் மேல் கோட்டை எழுந்தது. அதே மலைகள் அரபிக்கடலிலிருந்து வரும் மழைமேகத்தை மேற்கிலேயே நிறுத்திவிடுகின்றன. அதனால் கோட்டைக்குக் கீழே இருந்த ஊர் எப்போதும் தண்ணீருக்குத் தவித்தது. படைகளுக்கு வாசலாகவும் மழைக்குக் கதவாகவும் ஒரே மலைகள் இருந்ததுதான் திண்டுக்கல்லின் கதை.

பாறைமேல் கோட்டை

கோட்டையின் தொடக்கத்தை 1605-ஆம் ஆண்டோடும் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரோடும் சேர்த்துச் சொல்வது மரபு. பின்னர் திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். பாறையில் வெட்டிய படிகளை ராணி மங்கம்மாள் காலத்தவை என்கிறார்கள். ஏறும் வழியில் பாறையின் முதுகில் சிறு சிறு வெட்டுகள் தெரியும். குதிரைகளும் யானைகளும் கால் வழுக்காமல் ஏறுவதற்காக உளியால் கொத்தியவை அவை. வெறுங்காலோடு நின்றால், காலை பத்து மணிக்கே அந்தக் கல்லில் பாதம் வைக்க முடியாது. பகல் முழுக்க வெயிலைக் குடித்துக்கொண்டு, ஊர் அடங்கிய பிறகும் வெகுநேரம் அந்தச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் பாறை அது. அடிவாரத் தெருக்களில் இரவு மெதுவாகக் குளிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டை மைசூர் அரசின் கைக்குப் போனது. 1755-இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக, அதாவது படைத் தலைமையோடு கூடிய ஆட்சியாளராக, வந்தார். மைசூரின் அதிபதியாக அவர் உயர்வதற்கு முன்னால், தனக்கென்று ஒரு படையையும் வருவாயையும் திரட்டிக்கொண்ட இடம் திண்டுக்கல்தான். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு படைக்கலச் சாலை ஒன்றையும் இங்கே நிறுவினார். ஊரின் தெற்கே உள்ள பேகம்பூர், அவருடைய குடும்பத்துப் பெண்மணியான அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருப்பதால் அந்தப் பெயரைப் பெற்றது. 1772-இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், மேற்கே மலையடிவாரத்தில் உள்ள விருப்பாச்சியில் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். எட்டு ஆண்டுகள் இந்தப் பகுதியில் இருந்து, ஹைதரின் படை உதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூருக்கும் நடந்த போர்களில் கோட்டை பலமுறை கைமாறியது. 1767-இல் கம்பெனி பிடித்தது. அடுத்த ஆண்டே ஹைதர் மீட்டார். 1783-இல் மறுபடி கம்பெனி. 1784 மங்களூர் உடன்படிக்கையில் திப்பு சுல்தானுக்குத் திரும்பியது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் படை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமை கம்பெனிக்கே நிலையாகச் சேர்ந்தது. மதுரை வட்டாரத்தில் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் முதலில் வந்த நிலம் இதுதான். அதை எதிர்த்துப் பாளையக்காரர்களைத் திரட்டிய கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். ஊரின் நடுவே உள்ள கோபாலசமுத்திரக் குளம் அவர் பெயரைத் தாங்கியது என்பது திண்டுக்கல் மக்களின் நினைவு.

இத்தனை முற்றுகைகளைத் தாங்கிய பாறையில் ஊற்று கிடையாது. மேலே இருந்த வீரர்கள் குடித்தது, பாறைக் குழிகளிலும் வெட்டிய சுனைகளிலும் தேங்கிய மழைநீரை. கோட்டைக்குள் மதில், கொத்தளம், பீரங்கி மேடை என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் வானிலையைப் பற்றி அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியவை அந்தச் சுனைகளும், தடித்த சுவரோடும் காற்றோட்டத்தோடும் கட்டப்பட்ட வெடிமருந்துக் கிடங்கும்தான். தண்ணீர் ஒரு துளி வீணாகக் கூடாது, மருந்தில் ஒரு துளி ஈரம் படக் கூடாது. ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் ஒருசேர மனத்தில் வைத்துக் கட்டியவர்களின் வேலை அது.

மலை மறைத்த மழை

திண்டுக்கல் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 830, 840 மில்லிமீட்டரை ஒட்டியது. எண்ணைப் பார்த்தால் மிகக் குறைவாகத் தோன்றாது. ஆனால் இந்தச் சராசரியில் கொடைக்கானல் மலையில் கொட்டும் மழையும் சேர்ந்திருக்கிறது. வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கத்துச் செம்மண் காடுகளுக்கு வாய்ப்பது அதைவிடக் குறைவு. தவிர, விழும் மழையைவிட வெயிலும் காற்றும் உறிஞ்சிக்கொண்டு போகக் கூடிய ஈரம் இங்கே அதிகம். வானிலை நூல்கள் இப்படிப்பட்ட நிலத்தை அரைவறட்சிப் பகுதி என்று வகைப்படுத்துகின்றன.

காரணம் எளிது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையில் ஏறும்போது அதில் கடலின் ஈரம் நிறைந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏற ஏறக் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாமல் மழையாகக் கொட்டிவிடுகிறது. மூணாறு பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது அப்படித்தான். மலையுச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அதே காற்று, நூறு மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு டிகிரி என்ற கணக்கில் சூடேறிக்கொண்டே வருகிறது. பழநி மலையின் உச்சியான வந்தரவு 2,533 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து சமவெளிக்கு இறங்கிய காற்றில் ஈரம் தேட முடியாது. மேகம் மட்டும் மலை விளிம்பில் வெள்ளைத் துணிபோல் தொங்கிக்கொண்டிருக்கும். கன்னிவாடியிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ பார்த்தால் மலைமேல் பெய்யும் மழை கண்ணுக்குத் தெரியும், வயலுக்கு வராது.

ஊரின் ஆண்டைத் தமிழ் மாதங்களோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம். பங்குனியில் சூடு தொடங்கி, சித்திரையில் பகல் வெப்பம் 38, 39 டிகிரியைத் தொடும். சில நாள் நாற்பதையும் தாண்டும். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வாய்க்கிற மாலைக் கடற்காற்று இங்கே இல்லை. ஆனால் கடற்கரையின் புழுக்கமும் இல்லை. வியர்வை உடனே காய்ந்துவிடும். கத்திரி வெயில் நாட்களில் பகல் முழுக்கப் பாறையும் செம்மண்ணும் காய்ந்து, மாலை நான்கு மணிக்குச் சிறுமலைப் பக்கம் மேகம் கறுக்கும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று ஒரு சுற்று சுற்றும். அரைமணி நேரம் இடியோடு கொட்டும். பக்கத்து ஊரில் ஒரு சொட்டு விழாது. இந்தக் கோடை மழையை நம்பித்தான் மானாவாரிக் காட்டில் முதல் உழவு.

ஆனி, ஆடியில் காற்று. அம்மியும் பறக்கும் என்ற பழமொழி எல்லா ஊருக்கும் பொது. ஆனால் மலை இடைவெளியில் இருக்கும் ஊர்க்காரர்கள் அதை மிகைப்படுத்தலாக எடுத்துக்கொள்வதில்லை. ஒட்டன்சத்திரம், பழநிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும் காற்றின் தென் விளிம்பு படுகிறது. ஊன்று கம்பு கொடுக்காத வாழை சாயும், முருங்கை ஒடியும். தமிழ்நாட்டின் மேற்கே அணைகள் நிரம்பும் இந்த மாதங்களில் திண்டுக்கல்லின் கிணறுகள் வருடத்திலேயே மிகக் கீழே இருக்கும். ஆவணி, புரட்டாசியில் காற்று தணிந்து, இரவு இடிமழை தொடங்குகிறது. இது கணிசமானது, தென்மேற்குப் பருவத்தின் கணக்கில் எழுதப்படும் மழையில் பெரும்பங்கு உண்மையில் இந்த இடிமழைதான்.

ஆண்டு மழையில் பாதி அளவு ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அது வங்கக் கடலின் கையில் இருக்கிறது. தாழ்வு மண்டலம் ஒன்று கரையேறி மேற்கே நகர்ந்தால் ஊருக்கு நல்ல காலம். நகராமல் ஆந்திரக் கரைக்கு ஏறிவிட்டால் வெறும் மூட்டம்தான். 2016-இல் நடந்தது அதுபோன்ற ஏமாற்றம். அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்குள், 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் வழியாகவே மேற்கே சென்றது. சமவெளியில் மரங்களைச் சாய்த்து, கொடைக்கானல் மலைப்பாதைகளைச் சிதைத்துவிட்டுப் போனது. இங்கே மழை இரண்டு விதமாகத்தான் தவறு செய்யும்: வராமல் இருக்கும், அல்லது ஒரே நாளில் வந்துவிடும்.

மார்கழி, தை திண்டுக்கல்லின் நல்ல மாதங்கள். அதிகாலை வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். மலையிலிருந்து இரவில் வழியும் குளிர்ந்த காற்று சமவெளியின் பள்ளங்களில் தங்கி, விடியற்காலையில் பனிமூட்டமாக நிற்கும். நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை இந்தப் பனியில் அடங்கிப் போகும். பூ வரத்து குறைந்து, திண்டுக்கல் பூச்சந்தையில் கிலோ விலை கிடுகிடுவென்று ஏறும்.

கோடை வறண்டு, ஆண்டின் கடைசி மாதங்களில் மழை என்ற இந்த ஒழுங்கு இந்தியாவின் பெரும்பகுதிக்குப் பொருந்தாதது. ஒப்பிட வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டும். இத்தாலியின் தெற்கே, கிரேக்கர்கள் குடியேறி உண்டாக்கிய தாரந்தோ என்ற பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கும் கடலை நோக்கி ஒரு கோட்டை. அங்கும் கோடை வறண்டது. இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் வரை மழை. அப்பெனைன் மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மறிப்பதால், மேற்குக் கரையின் நேப்பிள்ஸ் பெறும் மழையில் பாதிகூடத் தாரந்தோவுக்கு இல்லை. அளவும் வெப்பமும் வேறு. அங்கே விளைவது ஒலிவமும் திராட்சையும். ஆனால் மலையின் மறுபக்கத்தில் இருக்கிற ஊரின் விதி ஒன்றுதான். தாரந்தோவுக்குக் கடல் துணை நிற்கிறது. கோடையில் வெப்பத்தைத் தணிக்கிறது. திண்டுக்கல்லுக்கு அந்தத் துணையும் கிடையாது.

வடக்கே ஓடும் ஆறு

ஊரின் ஆறு குடகனாறு. கீழ்ப்பழநி மலையில் பிறந்து, ஆத்தூர் அருகே சமவெளிக்கு இறங்கி, வைகைக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் அதில் சேராமல் வடக்கே திரும்புகிறது. திண்டுக்கல், வேடசந்தூர் நிலங்களைக் கடந்து அமராவதியில் கலந்து, அதன் வழியே காவிரிக்குப் போகிறது. வைகைப் படுகைக்கும் காவிரிப் படுகைக்கும் நடுவிலுள்ள மேட்டில் திண்டுக்கல் அமர்ந்திருக்கிறது. மேட்டில் இருக்கும் ஊருக்கு எந்தப் பெரிய ஆறும் பாயாது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பி மதுரைச் சீமையைச் செழிக்க வைத்தது. அதன் கால்வாய் தொடங்கும் பேரணை இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் தென்விளிம்பில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தெற்கே சரிந்து மேலூர்ப் பக்கம் போனது. வடக்கே மேடேற முடியவில்லை.

குடகனாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். ஆனால் மழைக்காலத்தில் அதன் குணம் வேறு. வேடசந்தூர் அருகே அழகாபுரியில் அதன் குறுக்கே கட்டப்பட்ட மண் அணை 1977-இல் வெள்ளத்தில் உடைந்தது. பெருக்கு வந்த நேரத்தில் மின்சாரம் நின்றுபோக, மதகுக் கதவுகளை முழுதாகத் தூக்க முடியவில்லை. நீர் கரைமேல் வழிந்து, கரையை அரித்துக்கொண்டு போனது. அணைப் பொறியியல் நூல்களில் கரைமேல் வழிந்து உடைந்த அணைகளுக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்கிறார்கள். ஆண்டெல்லாம் வறண்டிருக்கும் ஆறுதானே என்று எண்ணிவிடக் கூடாது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டும். மேலே ஆத்தூர்ப் பக்கம் இராஜவாய்க்கால் வழியாக எவ்வளவு நீர் பிரிய வேண்டும், ஆற்றில் எவ்வளவு கீழே வர வேண்டும் என்ற வழக்கு, மேல்பகுதி உழவர்களுக்கும் கீழ்ப்பகுதி உழவர்களுக்கும் இடையே நீண்ட காலமாக இருந்துவருகிறது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பங்கிடத்தான் தண்ணீர் போதவில்லை.

இந்த நிலத்துக்கு முன்னோர் கண்ட வழி குளம். வருகிற மழையை வந்த இடத்திலேயே நிறுத்தி, நிரம்பினால் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்கு விடுவது. கோட்டையின் அடிவாரத்துக் கோட்டைக்குளமும் ஊருக்குள் இருக்கும் கோபாலசமுத்திரமும் அந்தச் சங்கிலியின் மிச்சங்கள். ஊர் வளர்ந்தபோது நீர்வரத்து வாய்க்கால்கள் தெருக்களாயின. வாய்க்கால் போன குளத்துக்கு மழை பெய்தும் பயனில்லை. அடியில் இருப்பதோ கடினப் பாறை. ஆற்றுப்படுகை மணல்போல் நீரைத் தேக்கிவைக்கும் நிலமல்ல. பாறையின் விரிசல்களில் கசிந்திருக்கும் நீர்தான் கிணற்று நீர். இறவைக் கிணறு வற்றி, போர்வெல் 300 அடியில் தொடங்கி 1,000 அடி வரை இறங்கியது. விரிசலில் பட்டால் தண்ணீர், படாவிட்டால் புகைபோலக் கல்தூள். போர் லாரியின் குழாயிலிருந்து வெள்ளைத் தூள் பறப்பதைப் பார்த்துக்கொண்டு, கடன் வாங்கிய உழவர் வரப்பில் உட்கார்ந்திருக்கும் காட்சி இந்த வட்டாரத்தில் எந்தக் கோடையிலும் காணக் கிடைப்பது. அவர் முகத்தைப் பார்த்தாலே எத்தனை அடி போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நகரத்தின் குடிநீர் இப்போது மூன்று திசையிலிருந்து வருகிறது. ஆத்தூர் காமராஜர் அணை பழநி மலையின் நீரைத் தருகிறது. பேரணையிலிருந்து வைகை நீர் குழாயில் மேடேறி வருகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீர் வடக்கிலிருந்து வருகிறது. ஆறுகள் வர மறுத்த மேட்டுக்கு மோட்டார் போட்டுத் தண்ணீரை ஏற்றியதுதான் இருபதாம் நூற்றாண்டு இந்த ஊருக்குச் செய்த மிகப் பெரிய உதவி. குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் கணக்கு வைத்து வீட்டு வேலையைத் திட்டமிடும் பழக்கம் மட்டும் திண்டுக்கல் குடும்பங்களிடம் இன்னும் மாறவில்லை.

வறட்சியில் வளர்ந்த தொழில்கள்

நெல் விளையாத ஊர் வேறு கைத்தொழில் தேடும். திண்டுக்கல்லின் புகழ்பெற்ற பொருள்கள் எல்லாவற்றிலும் அந்த உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேடசந்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் புகையிலை நன்றாக வந்தது. சற்று உவர்ப்பான கிணற்று நீரையும் தாங்கும் பயிர். காய வைக்க வெயிலும் வறண்ட காற்றும் வேண்டும். இரண்டும் இங்கே குறைவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திண்டுக்கல் சுருட்டு கப்பலேறியது. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை இங்கே நடந்தது. மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் 1948-இல் வேடசந்தூரில் தொடங்கப்பட்டது. தோல் பதனிடுதலும் நிலத்தோடு சேர்ந்து வந்த தொழில்தான். ஆடு மேயும் கட்டாந்தரை, தரிசெல்லாம் மண்டிக் கிடக்கும் ஆவாரை, தோலை உலர்த்த வெயில். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்தபோது, கழிவுநீர் நிலத்தடியில் இறங்கியது. ஏற்கெனவே தண்ணீர் அரிதான ஊரில் இருந்த கிணறுகளும் பேகம்பூர், பொன்மாந்துறைப் பக்கம் பாழாயின. ஆற்றங்கரை ஊரில் கழிவை அடித்துக்கொண்டு போக வெள்ளம் வரும். பாறை விரிசலில் இறங்கியது எளிதில் வெளியேறாது. இந்த இழப்பைப் பற்றி இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

பூட்டு வேறு கதை. நாகல்நகர், குடைப்பாறைப்பட்டி, நல்லாம்பட்டிப் பக்கத்துக் கொட்டகைகளில் இரும்புத் தகட்டை வெட்டி, ராவி, நெம்புகோல்களைக் கையாலேயே பொருத்திச் செய்தவை திண்டுக்கல் பூட்டுகள். மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு அதில் பேர்போனது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் நுழையாது. காரணம், எந்த இரண்டு பூட்டின் நெம்புகோலும் ஒரே அரத்தின் ஒரே அழுத்தத்தில் ராவப்படவில்லை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது பட்டறைகள் பல மூடிக்கிடந்தன. அலிகாரின் இயந்திரப் பூட்டு விலையில் வென்றுவிட்டது. சின்னாளபட்டியின் சுங்குடிச் சேலையும் இதே வெயிலில் சாயம் காய்ந்த பொருள். நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து, வெட்டவெளியில் நீளமாக விரித்துப் போட்டிருக்கும் சேலைகளுக்கு மேகமூட்டம் ஆகாது. ஐப்பசியில் அந்தத் தெருக்களில் வேலை மந்தப்படும்.

வேளாண்மையும் நிலத்தின் அளவுக்குத் தன்னைத் தைத்துக்கொண்டது. சோளம், கம்பு, நிலக்கடலை, மக்காச்சோளம், முருங்கை; நத்தம் பக்கம் புளியும் மாவும்; ஆயக்குடியில் கொய்யா. ஆழ வேர்விடுகிற மரங்களும் குறுகிய நாள் பயிர்களும் இங்கே பிழைக்கும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிறது. மழையை மலையின் அந்தப் பக்கம் வைத்துக்கொண்ட நாட்டுக்கு, மழை கிட்டாத இந்தப் பக்கம் காய் அனுப்புகிறது.

மேலே வேறு வானம்

நகரிலிருந்து சிறுமலைக்கு 25 கிலோமீட்டர் அளவுதான். 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முடிக்கும்போது வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். வாழை, காப்பி, மிளகு, பலா. சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி மலைவாழைக்கும் 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைதான் உயிர். முடிக்கொத்து நோய் சிறுமலையின் பழைய வாழைத்தோட்டங்களைப் பெருமளவு அழித்துவிட்டது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மதபோதகர்கள் சமவெளி வெயிலுக்குத் தப்ப முதலில் நாடியது சிறுமலையைத்தான். காய்ச்சல் அவர்களை விரட்டியது. அதன் பிறகே பழநி மலையின் உச்சிக்குப் போய், 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். ஒரு மலைவாழிடம் பிறந்ததே சமவெளியின் வெப்பத்தால்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். திண்டுக்கல்லில் 38 டிகிரி அடிக்கும் பகலில் அங்கே இருபதை ஒட்டி இருக்கும். ஆண்டு மழையும் சமவெளியைப்போல் இரு மடங்கு. அங்கே உள்ள சூரிய ஆய்வகத்துக்கும் கீழே உள்ள வறட்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது என்று ஆங்கில அரசு யோசிக்கத் தொடங்கியது. சூரியனில் தோன்றும் மாறுதல்களுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிவியலாளர்கள் அன்று நம்பினர். சூரியனை நாள்தோறும் பார்க்கத் தெளிந்த வானமும் உயரமும் வேண்டும். மிச்சி சுமித் என்ற வானியலாளர் தென்னிந்திய மலைகளை ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் ஆய்வகம் நிறுவப்பட்டது. 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு விளிம்பை நோக்கி நகர்வதைக் கண்டறிந்தார். உலக நூல்களில் அது எவர்ஷெட் விளைவு. நூற்றாண்டுக்கு மேலாக நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. மழையை முன்னறியும் எளிய வழி சூரியனில் கிடைக்கவில்லை. ஆனால் தேடத் தொடங்கிய காரணம், கீழே சமவெளியில் பசியால் செத்தவர்கள்.

மலைக்கும் நகரத்துக்கும் நடுவே, கிழக்கிலும் வடக்கிலும், யாரும் சுற்றுலாவுக்குப் போகாத முட்காடு ஒன்று இருக்கிறது. அய்யலூர், வடமதுரை, கடவூர் மலைப் பக்கத்து வறண்ட காடு: உடை, வெள்வேல், கள்ளி. சமவெளியின் உண்மையான இயற்கை இதுதான். நெல்வயல் பச்சையைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது தரிசாகத் தெரியும். இந்தக் காட்டில் தேவாங்கு வாழ்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற உடல், முகத்தில் பாதியை நிறைக்கும் கண்கள். பகலெல்லாம் முள்மரக் கிளையில் சுருண்டு தூங்கி, வெயில் இறங்கிய பிறகு பூச்சி தேடிப் புறப்படும். கருவேல முள்ளுக்கு இடையே கிளை கிளையாகக் கைமாற்றிப் பிடித்து, இலை அசையாமல் நகரும்.  2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களின் காடுகள் அதில் அடங்கும். கோட்டைப் பாறையின் உச்சியில் நின்று வடகிழக்கே பார்த்தால் அந்த வட்டாரத்து மலைகளின் சாம்பல் நிற விளிம்பு தெரியும்.